கொழுந்துக்குள் இருந்த சிவப்பு

வாசுகி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. ஓய்வூதியத் தாள்களை நகல் எடுக்க மலையூரான தானா ராத்தாவின் கடைத்தெருவுக்குப் போனவள், நகல்களோடு பன்னிரண்டு நிறங்கள் கொண்ட ஒரு நீர்வண்ணப் பெட்டியையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பணம் வாங்கும்போது கடைக்காரச் சீன அம்மா, பேரப்பிள்ளைக்கா என்று மலாயில் கேட்டிருந்தார். வாசுகிக்குப் பேரப்பிள்ளை கிடையாது. பிள்ளையே கிடையாது. எனக்குத்தான் என்று சொல்லி முடிப்பதற்குள் காதுமடல் சூடேறிவிட்டது.

கணவர் திருச்செல்வம் சாலையோரத்தில் பழைய காஞ்சில் காரில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ரிங்லெட்டில் பள்ளி ஆசிரியராக இருந்து, மூன்று வருடம் முன்பே ஓய்வு பெற்றவர்.

"என்னாது அது?"

"கலர் பெட்டி."

"யாருக்கு?"

"சும்மா."

முப்பது வருடக் குடித்தனத்தில், சும்மா என்று வாசுகி ஒரு பொருளையும் வாங்கி அவர் பார்த்ததில்லை. ஆனாலும் மேற்கொண்டு கேட்காமல் வண்டியை எடுத்தார்.

வாசுகி தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா ஆலையில் இலை உலர்த்தும் இயந்திரத்தில் நின்றார். அந்த லயத்திலிருந்து படித்து வெளியேறி, அரசு மருத்துவமனைகளில் இரத்தப் பரிசோதனைக் கூடத் தொழில்நுட்பராக முப்பத்தாறு வருடம் இருந்தாள். குவாந்தானில் தொடங்கி, தெமர்லோவில் தொடர்ந்து, கடைசிப் பத்தொன்பது வருடம் தானா ராத்தா மருத்துவமனையில். ஒரு முடிவை இரண்டு தரம் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டாள் என்று பெயர் எடுத்தவள். டாக்டர்களே சந்தேகம் வந்தால், வாசுகி பார்த்தாரா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஓய்வுக்குப் பிறகு என்ன என்பதும் முடிவாகியிருந்தது. வருடங்களுக்கு முன் அவளிடம் பயிற்சிக்கு வந்த யோகேந்திரன் இப்போது ஈப்போவில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தை நடத்திக்கொண்டிருந்தான். பிரியாவிடை விருந்தில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, ஜூலை ஒண்ணாந்தேதியிலேர்ந்து என்கிட்ட வந்துருங்க. உங்கள மாதிரி ஆளு எனக்குக் கெடைக்காது" என்றான். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஈப்போவிலேயே ஓர் அறை. வாசுகி யோசிக்கக்கூட இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். வேறு என்ன செய்வது என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் திருச்செல்வம் தக்காளிச் செடிகளுக்கு உரம் போடப் பின்கட்டுக்குப் போனார். வாசுகி சாப்பாட்டு மேசையில் பத்திரிகைத் தாளை விரித்து, பெட்டியைத் திறந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு தூரிகையைத் தொட்டதில்லை. என்ன வரைவது என்றும் தெரியவில்லை. படம் வரையும் தாளில் வெறும் தண்ணீரைத் தடவினாள். தூரிகை நுனியால் நீலத்தை எடுத்து, அந்த ஈரத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

நீலம் நகர்ந்தது. ஓரமெல்லாம் பஞ்சாகப் பிரிந்து, தானே வழி தேடிக்கொண்டு, தாளின் ஒரு மூலைவரை போய் நின்றது.

வாசுகி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இதை அவள் பார்த்திருக்கிறாள். முப்பத்தாறு வருடமும் பார்த்திருக்கிறாள். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, காயவைத்து, மேலே சாயத்தை ஊற்றினால் முதலில் எல்லாம் இருண்டு கிடக்கும். எட்டு நிமிடம் கழித்துத் தண்ணீரில் அலசும்போது அந்த இருட்டு கலைந்து, ஊதாவும் இளஞ்சிவப்பும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து எழும். ஒவ்வொரு முறையும் அவளுக்கு அந்த நொடியில் வயிற்றுக்குள் ஒரு சின்னத் துள்ளல் இருக்கும். நோயாளியின் இரத்தத்தைப் பார்த்து அழகு என்று சொல்வது முறையில்லை என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. கடைசி வருடங்களில் அதுவும் குறைந்துபோயிற்று. பாதி வேலையை இயந்திரமே செய்து எண்களாகத் துப்பிவிடும்.

மஞ்சளை வைத்தாள். நீலமும் மஞ்சளும் முட்டிய இடத்தில் பச்சை பிறந்தது. சிவப்பை வைத்தாள். மேசை முழுக்க ஈரத் தாள்கள் நிறைந்தன. நாற்காலிகளின் மேலும் நிறைந்தன. திருச்செல்வம் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது மணி ஆறரை ஆகியிருந்தது. அடுப்படியில் விளக்குகூடப் போட்டிருக்கவில்லை.

"சோறு ஆக்கலையா?"

"இங்க வந்து பாருங்களேன்."

அவர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். எதிலும் ஒரு உருவமும் இல்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார். மூக்கு நுனியில் நீலம் ஒட்டியிருந்தது. "சரி, நான் கடையில ரொட்டி சானாய் வாங்கிட்டு வரேன்" என்று சாவியை எடுத்தார்.

மறுநாள் வாசுகி ஒரு குறிப்பேட்டை எடுத்து முறையாக இறங்கினாள். தாளைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தாள். ஒரு பங்கு நீலம், இரண்டு பங்கு மஞ்சள். ஒரு பங்கு நீலம், மூன்று பங்கு மஞ்சள். எவ்வளவு தண்ணீர், காய எத்தனை நிமிடம், காய்ந்தபின் எவ்வளவு வெளுத்தது என்று எல்லாவற்றையும் எழுதினாள். ஒரு வாரத்தில் எழுபத்திரண்டு பச்சை சேர்ந்தது. கூடத்துச் சுவரில் வரிசையாக ஒட்டியதும், பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் இது ஏதாவது பெயிண்ட் கம்பெனி வேலையா என்று கேட்டார்.

"மலைய வரையப் போறேன்" என்றாள் வாசுகி.

எந்த மலை என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை மலைதான்.

ஆனால் மலை படியவில்லை. வீட்டு மேசையில், கைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தபோது பச்சைச் சேறு அப்பியதுபோல் வந்தது. எழுபத்திரண்டில் எந்தப் பச்சையைப் போட்டாலும் அதே கதை. பொய்ச் செடிபோல் பளபளத்தது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை, ஒன்பதாம் முறை. பத்தாம் நாள் காலை அவள் எழுபத்திரண்டு சதுரங்களையும் சுவரிலிருந்து உரித்து ஒரு பையில் போட்டாள்.

"தோட்டத்துக்குப் போவோம், வாங்க. மலைக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்தாதான் எங்க தப்புன்னு தெரியும்."

அவள் பிறந்த தோட்டத்துக்குத்தான் போனார்கள். வண்டியை வளைவில் நிறுத்திவிட்டு, சரிவின் ஓரத்தில் நின்று சதுரங்களை ஒவ்வொன்றாகக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஆட்கள் இருவர் இருவராக இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு கொழுந்து வெட்டி நகர்ந்தார்கள். அவர்களுக்குக் கங்காணியாக நின்றவள் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள். சரோஜா. வாசுகியோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவள். முப்பத்தெட்டு வருடமாக இதே மலையில் வேலை.

"என்னா வாசு, தேயிலைக்கே ரத்தம் எடுக்க வந்துட்டியா?"

"கலர் பாக்குறேன் சரோ. எது சரியா இருக்குன்னு நீயே சொல்லு."

சரோஜா சதுரங்களை வாங்கிச் சீட்டுக்கட்டுபோல் புரட்டினாள். "இது சாவி கீரை. இது மொளகாச் செடி. இது என்னா, பச்சப் பாசியா? தேயிலை இந்தக் கலருல இருந்துச்சுன்னா தொர எங்கள வேலைய விட்டே தூக்கிருவாரு லா."

"அப்ப தேயிலை என்னா கலரு?"

"எந்தத் தேயிலை? அந்தா, அங்க பாரு. அது போன வாரம் வெட்டுனது. மேல எலை போயி அடி எலை தெரியுது, அதான் கறுப்பா இருக்கு. இந்தப் பக்கம் நாளைக்கு வெட்டணும், கொழுந்து நிக்குது, அதான் மஞ்ச அடிக்குது. அதுக்கு மேல ஒட்ட வெட்டிக் கவ்வாத்து பண்ணி ரெண்டு மாசம். வெறும் குச்சி, இப்பத்தான் துளுக்குது. நீ மலை மலைன்னா எந்த மலைய சொல்ற?"

வாசுகி சரிவின் பக்கம் திரும்பினாள். ஒரே பச்சை என்று சிறு வயதிலிருந்து பார்த்த சரிவு, கண்ணெதிரே துண்டு துண்டாகப் பிரிந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தேதி இருந்தது.

சரோஜா குனிந்து ஒரு கொழுந்தைக் கிள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தாள். "இத வெயிலுக்குத் தூக்கிப் பாரு. நுனியில என்னா தெரியுது?"

வாசுகி தூக்கிப் பார்த்தாள். விரியாத மொட்டின் ஓரத்திலும், அதைத் தாங்கிய இளந்தண்டிலும், செம்பு துருவித் தூவியதுபோல் மெல்லிய சிவப்பு ஓடியிருந்தது.

"செவப்பு" என்றாள்.

"அதான். கொழுந்துக்குள்ள செவப்பு இருக்கு. இது தெரியாம எழுவது பச்சையப் போட்டு என்னா பண்ண?"

வாசுகி வண்டிக்கு ஓடினாள். அறுபது வயதில், சேற்றுச் செருப்போடு, உண்மையாகவே ஓடினாள். காரின் முன்பக்கத்தில் பெட்டியைத் திறந்து வைத்து, மஞ்சளும் நீலமும் குழைத்த பச்சையில் ஊசிமுனை அளவு சிவப்பைத் தொட்டுக் கலந்தாள். அந்தப் பொய்ப் பளபளப்பு அடங்கியது. இன்னும் ஒரு தொடல். பச்சை கனிந்து, ஆழம் பிடித்து, எதிரே இருந்த சரிவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சதுரத்தை நீட்டிப் பிடித்தாள். மலை எங்கே முடிகிறது, தாள் எங்கே தொடங்குகிறது என்று ஒரு கணம் தெரியவில்லை.

நீலச் சாயத்தை மட்டும் ஊற்றினால் தகட்டில் எதுவும் பிரியாது, சிவப்புச் சாயமும் எதிரே நின்றால்தான் ஒவ்வொன்றும் தன் உருவத்தைக் காட்டும். பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. திருச்செல்வம் பத்திரிகையை இறக்கிவிட்டு, என்ன என்பதுபோல் பார்த்தார்.

"கெடைச்சிருச்சுங்க" என்றாள்.

அன்றிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை. பச்சை முடிந்ததும் பனிமூட்டம் பிடித்துக்கொண்டது. அந்தச் சரிவுக்கு எதிர்ப்பக்கம், மலை முகட்டைத் தாண்டிச் சூரியன் வரும்போது பள்ளத்தாக்கில் கிடக்கும் மூட்டம் மெதுவாகப் புரண்டு எழுந்து, செடிகளின் வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிவிட்டுக் கலைந்துவிடும். பதினோரு நிமிடம்தான். நேரம் பார்த்து எழுதி வைத்திருந்தாள். ஏழு நாற்பதுக்குத் தொடங்கி ஏழு ஐம்பத்தொன்றுக்கு முடியும்.

பெட்டியிலிருந்த வெள்ளையை எடுத்து மூட்டத்தைப் போட்டாள். சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. மறுநாள் வெள்ளையில் நிறையத் தண்ணீர் கலந்தாள். பால் கொட்டியதுபோல் இருந்தது. நான்காம் நாள் அவள் வெள்ளையைத் தொடவேயில்லை. மூட்டம் இருந்த இடத்தில் தாளைத் தாளாகவே விட்டுவிட்டு, அதன் ஓரத்தில் மட்டும் ஈரத்தோடு பச்சையைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அது அப்படியே கரைந்து வெள்ளைக்குள் போனது. மூட்டமேதான். கை வைக்காமல் விட்ட இடத்தில் அது வந்துவிட்டது.

ஆனால் எப்போது கொண்டுபோய் நிறுத்துவது என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. தாள் அதிக ஈரமாக இருந்தால் பச்சை ஓடி, எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். காய்ந்துவிட்டால் கத்தரித்து ஒட்டியதுபோல் விளிம்பு கட்டிவிடும். பாதியில் நீர் திரும்பிப் பாய்ந்தால் காலிஃபிளவர்போல் ஒரு கறை விழும். தாளின் மேலிருக்கும் மினுமினுப்பு மறையும் அந்த நேரம்தான் நேரம். வீட்டு மேசையில் அது ஆறு நிமிடத்தில் வந்தது. மலை ஈரத்தில் பதினான்கு நிமிடம் ஆனது. மழை பெய்த மறுநாள் இருபது நிமிடம். எல்லாம் குறிப்பேட்டில் ஏறியது. பதினோரு நிமிடக் காட்சிக்குத் தாளை எத்தனை மணிக்கு நனைக்க வேண்டும் என்று அவள் முந்தின நாளே கணக்குப் போடத் தொடங்கினாள்.

"முப்பது வருஷம் உன்ன டியூட்டியில கொண்டுபோய் விட்டேன்" என்றார் திருச்செல்வம், பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றிக்கொண்டே. "ஓய்வு எடுத்த பெறகும் டியூட்டிதானா?"

"நாளைக்கும் இதே நேரம்" என்றாள் அவள்.

ஜூன் மாதம் பாதி கடந்தபோது யோகேந்திரன் தொலைபேசியில் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகவும், ஒப்பந்தத் தாளைக் கொண்டு வருவதாகவும் சொன்னான். வாசுகி சரி, காலையில் தோட்டத்து வளைவில் இருப்பேன் என்று சொல்லி வைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின்மேல் ஒட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். ஜூலை ஒன்றைச் சுற்றி அவளே சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தாள். கொடுத்த வாக்கை அவள் மாற்றியதேயில்லை. அந்த வட்டத்தைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு கனத்தது. வாரத்தில் ஒரே ஒரு ஞாயிறு. அன்றைக்கு மழை பெய்தால் அதுவும் போச்சு.

"என்னங்க, நான் போவணுமா?"

திருச்செல்வம் பத்திரிகையை மடித்தார். "நீ போனா இந்த வீட்டுல நேரத்துக்குச் சோறு கெடைக்காது. நீ இருந்தாலும் இப்பல்லாம் கெடைக்கல. அதனால என்னைக் கேக்காத" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, இவர்களுடைய வழக்கமான வளைவில் வண்டி நிறுத்த இடம் இல்லை. இருபது பேருக்குமேல் மடக்கு நாற்காலி போட்டு, முக்காலியில் பலகை மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஈப்போவிலிருந்து வேனில் வந்த ஓவியக் குழு. வாசுகி தன் பள்ளிப்பிள்ளை வண்ணப் பெட்டியைப் பைக்குள் தள்ளிவிட்டு, திரும்பிப் போய்விடலாம் என்றாள்.

"எதுக்கு? மலை அவங்களுதா?" என்று திருச்செல்வம் நாற்காலியை இறக்கினார்.

குழுவை அழைத்து வந்த திருமதி லிம் எழுபது வயதுக்காரர், பல் மருத்துவமனையில் தாதியாக இருந்தவராம். வாசுகி ஓரமாக உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, மிகச் சரியாக ஏழு இருபத்தாறுக்குத் தாளை நனைப்பதைக் கவனித்துவிட்டு அருகே வந்தார்.

"ஏன் இப்போதே நனைக்கிறீர்கள்? இன்னும் வெளிச்சமே வரவில்லையே" என்று மலாயில் கேட்டார்.

"பதினான்கு நிமிடத்தில் வரும். வரும்போது தாள் தயாராக இருக்கும்."

திருமதி லிம் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தார். உடனே போய், தன் ஆட்களிடம் ஏதோ சொன்னார். நாலைந்து பேர் அவசரமாகத் தாளை நனைப்பது தெரிந்தது.

ஏழு நாற்பதுக்கு முகட்டின்மேல் வெளிச்சம் ஏறியது. பள்ளத்தில் மூட்டம் புரண்டது. வாசுகியின் தாளில் மினுமினுப்பு அந்த நேரம்தான் அடங்கியது. அவள் கை போன வேகம் அவளுக்கே தெரியவில்லை. தூரத்து முகட்டுக்கு நீலம் கலந்த சாம்பல், கவ்வாத்துச் சரிவுக்குச் செம்மண் பழுப்பு, கொழுந்து நின்ற பக்கத்துக்கு மஞ்சள் கூடிய பச்சை, அதற்குள் அந்த ஊசிமுனைச் சிவப்பு. நடுவே வெள்ளையை எந்த நிறத்துக்கும் கொடுக்காமல் காப்பாற்றிக்கொண்டு வந்தாள். ஏழு ஐம்பத்தொன்றுக்குத் தூரிகையை எடுத்துவிட்டாள். மூட்டம் எதிரே கலைந்துகொண்டிருந்தது, மடியில் அப்படியே நின்றது.

முதல் பூச்சு நன்றாகக் காயும்வரை காத்திருந்து, பத்து மணியளவில் செடி வரிசைகளுக்கு நடுவிலிருக்கும் இருண்ட இடுக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் குரல் கேட்டது.

"அக்கா. அப்பாடா. கம்போங் ராஜாவிலேர்ந்து இங்க வர ரெண்டு மணி நேரம். வண்டி நகரவே இல்ல, அவ்ளோ ஜேம்."

"யோகா, நாலு நிமிஷம் பேசாம இரு."

யோகேந்திரன் பேசாமல் நின்றான். இருபது வருடம் முன்பு நுண்ணோக்கியின் முன்னால் இதே குரலில் இதையே கேட்டுப் பழகியவன். நான்கு நிமிடம் கழித்து வாசுகி தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தாள். முந்தின நாளெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"தம்பி, நான் வரல."

அவன் கையிலிருந்த கோப்பைத் திறக்கப் போனவன் நின்றான். "என்னக்கா சொல்றீங்க? இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு. உங்கள நம்பித்தான் வேற ஆள் பாக்காம விட்டேன்."

"தெரியும். வரேன்னு சொன்னவளும் நாந்தான், வரலன்னு சொல்றவளும் நாந்தான். தப்பு எம்மேலதான். கம்பார் ஆஸ்பத்திரி லேப்ல ரமணி இருக்காங்க, என்னவிட நல்லா பாப்பாங்க. அவங்களுக்கும் இந்த மாசம் ஓய்வு. நேத்தே பேசிட்டேன். நாளைக்கு உனக்குக் கூப்பிடுவாங்க."

யோகேந்திரன் வருத்தத்தை மறைக்கவில்லை. கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு மலையைப் பார்த்தான். "வீட்டுல யாருக்கும் ஒடம்பு சரியில்லன்னா சொல்லுங்க, புரிஞ்சுக்குவேன். படம் வரையவா வரமாட்டேங்கிறீங்க? இதுல உங்களுக்கு என்னாக்கா கெடைக்குது?"

வாசுகி யோசித்தாள். அவனுக்கு ஒப்புக்காக ஒன்றைச் சொல்ல மனம் வரவில்லை.

"நேத்து எனக்குத் தெரியாத ஒண்ணு இன்னைக்குத் தெரியுது யோகா. தெனமும் அப்படி இருக்கு. லேப்ல எனக்கு அப்படி நடந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு."

அதற்குள் திருமதி லிம் கைதட்டி எல்லோரையும் அழைத்தார். வரைந்ததையெல்லாம் ஒரு நீலத் தார்ப்பாயில் வரிசையாக வைத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கமாம். வாசுகி தயங்கித் தயங்கி, தன்னுடையதைக் கடைசியில் வைத்தாள். குழுவினரின் படங்கள் துணிச்சலாக இருந்தன. ஒருவர் மலைக்கு ஊதாவே போட்டிருந்தார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. அதை எப்படிச் செய்தார் என்று கேட்க வாசுகிக்கு நாக்கு துறுதுறுத்தது.

கொழுந்து மிகுந்த வாரம் என்பதால் தோட்டத்தில் ஞாயிறும் அரைநாள் வேலை இருந்தது. வேலை முடித்துக் கொழுந்து மூட்டைகளை லோரியில் ஏற்றிவிட்டு, சரோஜாவும் அவள் ஆட்களும் சாலைக்கு ஏறி வந்தார்கள். பெரும்பாலும் வங்காளதேசத்து, நேப்பாளத்து இளைஞர்கள். தார்ப்பாயைச் சுற்றி நின்று படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள் கடைசியில் நின்றுவிட்டார்கள். ஒருவன் குனிந்து, வாசுகியின் தாளின்மேல் விரல் படாமல் ஓர் இடத்தைக் காட்டி, மலாயில் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான்.

"இது நாம் நேற்று வெட்டிய பக்கம்."

"இல்லை. நேற்று வெட்டியது இதோ, இது. அது வியாழக்கிழமை வெட்டியது. பார், கறுத்துவிட்டது."

இருவரும் வாதாடத் தொடங்கினார்கள். மூன்றாமவன் வந்து, எதிரே இருந்த மலையைக் காட்டினான், தாளைக் காட்டினான். தாங்கள் நாளைக்குக் காலையில் எந்த வரிசையிலிருந்து இறங்க வேண்டும் என்று அந்தப் படத்தை வைத்தே பேசிக்கொண்டார்கள். சரோஜா இடுப்பில் கைவைத்துக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"வியாழந்தான்" என்று தீர்ப்புச் சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள். "மேல அந்த ஓரத்துல கொழுந்து முத்திப்போச்சுன்னு நாளைக்குத் தொரகிட்ட சொல்லணும்னு இருந்தேன். அதையும் போட்டுருக்க. யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. அங்க பச்சை வேற மாதிரி இருந்துச்சு, நானும் வேற மாதிரி போட்டேன்."

"பரவால்ல லா வாசு" என்றாள் சரோஜா.

பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தாறு வருடம் வாங்கிய சான்றிதழ்கள் வீட்டு அலமாரியில் ஒரு கோப்பு நிறைய இருந்தன. அவற்றில் எதை வாங்கியபோதும் வாசுகிக்குத் தரையில் கால் பாவாததுபோல் இருந்ததில்லை. அவள் தார்ப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியது, வாய் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது.

யோகேந்திரன் அவள் பக்கத்தில் வந்து குந்தினான். "இந்த வெள்ளை என்னா வெள்ளைக்கா?"

"வெறும் பேப்பர். அதத் தொடவே இல்ல."

அவன் கோப்பைத் திறந்து ஒப்பந்தத் தாளை எடுத்து, இரண்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். "ரமணி அக்கா நம்பரக் குடுங்க. நாளைக்கு வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது." குரலில் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனாலும் அவர்களோடு தானா ராத்தாவுக்கு வந்து, வாழை இலையில் சாப்பிட்டுவிட்டு, மாலை நெரிசல் தொடங்குவதற்குள் புறப்பட்டுப் போனான். ரமணி ஜூலை முதல் தேதி ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகப் பின்னால் செய்தி வந்தது.

திருமதி லிம் புறப்படும்போது தன் பையிலிருந்து பருத்தியில் செய்த கனத்த தாள் நான்கை எடுத்துக் கொடுத்திருந்தார். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உங்கள் நேரக் கணக்கெல்லாம் இதில் மாறிவிடும் என்று எச்சரித்தார். வாசுகிக்கு அன்றிரவே ஒன்றை வெட்டிச் சோதிக்க வேண்டும்போல் இருந்தது.

ஜூலை முதல் தேதி காலை அவர்கள் கம்போங் ராஜா பக்கம் போனார்கள். அங்கே மலைச் சரிவு முழுக்கக் காய்கறிப் பண்ணைகளின் நெகிழிக் கூரைகள். ஊர்க்காரர்கள் எல்லோரும் அசிங்கம் என்று சொல்லும் காட்சி. போன வாரம் பேருந்தில் கடந்தபோது, மழையில் அந்தக் கூரைகளின்மேல் வானம் துண்டு துண்டாகக் கிடந்ததை வாசுகி பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அதே நினைப்பு.

"அத எப்படிப் போடுவ? வெள்ளையும் இல்ல, நீலமும் இல்ல" என்றார் திருச்செல்வம், வண்டியை ஓரங்கட்டிக்கொண்டே.

"தெரியல" என்றாள் வாசுகி. அந்த வார்த்தையைச் சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்திருந்தது. குடையைத் திருச்செல்வத்தின் கையில் கொடுத்து, நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். தூறல் வலுக்கத் தொடங்கியது. புதிய தாளில் ஓர் அகலத் தூரிகையால் தண்ணீரை இடமிருந்து வலமாக இழுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தாள்.